மூடி வைத்த கை

தஞ்சாவூர்
19.10.2024

அன்புள்ள வானதிக்கு,

ஆனந்தம் சிஸ்டர் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி விவகாரம் என்பதால் "குறைமாதக் குழந்தைகள் வார்டின் பொறுப்பு சிஸ்டர்" என்று முறையாகப் போட்டிருக்க வேண்டும். ஐந்து வாரம் தினமும் என் முகத்தைப் பார்த்துச் சலித்துப் போனவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் கையெழுத்துப் போட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து தினமும் போன் செய்கிறேன். இரண்டு நாள் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. இப்போது மணியே அடிப்பதில்லை. "நம்ம நம்பர பிளாக் பண்ணிட்டாங்க சிஸ்டர்" என்று நர்ஸ் மாலதி சொன்னாள். வேறு யாருடைய போனிலிருந்தாவது கூப்பிட்டு உன்னை ஏமாற்றிப் பேச வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் ரொம்ப வருஷத்துக்குப் பிறகு தபால் ஆபீஸ் படியேறினேன்.

குழந்தையின் கைப்புண் எப்படி இருக்கிறது? ஒருநாள் விட்டு ஒருநாள் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவனுக்குக் கட்டு மாற்றச் சொல். மஞ்சள் வை, வேப்பெண்ணெய் தடவு என்று வீட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். காதில் வாங்காதே.

இன்னொன்று, அதைவிட முக்கியமானது. குழந்தைக்கு முதல் முறை கண் பார்த்தபோது, உள்ளே ரத்தக் குழாய்கள் இன்னும் முழுசாக வளரவில்லை, இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று கண் டாக்டர் சொன்னார். நினைவிருக்கிறதா? அந்த நாள் வரும் செவ்வாய்க்கிழமை. அழைத்து வந்துவிடு. என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் சொல், நான் அந்த நேரத்தில் ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
ஆனந்தம்


திருவையாறு அருகில்
22.10.2024

சிஸ்டர் அவர்களுக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்க எனக்கு வரவில்லை. இன்றைக்குத்தான் செவ்வாய்க்கிழமை. நான் வரவில்லை என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். புறங்கையில் கறுத்துப்போன தோல் உரிந்து விட்டது. அடியில் பச்சை ரணம். விரல் அசைகிறது, அது ஒன்றுதான் ஆறுதல். தழும்பு நிற்கும் என்று கட்டு மாற்றும் நர்ஸ் சொல்கிறார். மஞ்சள் வைக்கவில்லை. குழந்தைக்கு என் மாமனார் பேரை வைத்துவிட்டோம், துரைராசு. உங்கள் தொட்டிலில் "வானதியின் ஆண் குழந்தை" என்று ஒட்டியிருந்தீர்களே, அவனுக்கு இப்போது பேர் இருக்கிறது.

நான் சொல்வதை நீங்களும் ஒருமுறை கேளுங்கள். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் நிற்கிற மனுஷன். வீடியோவில் பிள்ளை கையில் ஊசியைப் பார்த்து விம்மி விம்மி அழுதார். கூடத் தங்கியிருப்பவர்கள் வந்து சமாதானம் பண்ண வேண்டியதாகிவிட்டது. "அந்தக் கைய மட்டும் மூடிட்டுக் காட்டு வானதி, என்னால பாக்க முடியல" என்றார். அதற்காகத்தான் என் பழைய புடவையைக் கிழித்துப் பூப்போட்ட உறை தைத்துக் கொண்டு வந்தேன். நீங்கள்தான் பார்த்துவிட்டு, "அட, மாப்பிள்ளை மாதிரி இருக்கானே! மத்த புள்ளைங்களுக்கும் தச்சுக் குடும்மா" என்றீர்கள். தைத்துக் கொடுத்தேன். நாலு மணிக்கு எங்களை எல்லாம் பார்க்க விடும்போது வார்டு முழுக்கப் பூப்போட்ட கையாகக் கிடந்தது. பெற்றவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? அந்த உறைக்குள்ளேதான் மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்து என் பிள்ளையின் கை வெந்துகொண்டிருந்தது. வெளியே பூ தெரிந்தது, அவ்வளவுதான். நல்ல துணி சிஸ்டர் அது, மெத்தென்று இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கிழித்தது.

இப்போது கண் என்கிறீர்கள். எதை நம்பச் சொல்கிறீர்கள்? தொட்டில் பக்கத்துத் திரையில் ஆக்சிஜன் நூறு என்று காட்டும்போதெல்லாம் அவர் வீடியோவில் "நூத்துக்கு நூறு, எம்புள்ள பாஸு!" என்று கத்துவார். நீங்கள் உடனே வந்து ஆக்சிஜனைக் குறைப்பீர்கள். ஏன் சிஸ்டர் என்று கேட்டால், "அப்படித்தாம்மா" என்று போய்விடுவீர்கள். மூச்சு விடுகிற காற்றில் கூடவா கஞ்சத்தனம் என்று நான் அழுதது உங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு மதியம் டூட்டியில் இருந்தது மாலதி. அவளை வேலையை விட்டு அனுப்புங்கள். பிறகு கண்ணைப் பற்றிப் பேசலாம்.

இப்படிக்கு,
வானதி பரணிதரன்


தஞ்சாவூர்
24.10.2024

அன்புள்ள வானதிக்கு,

உன் கடிதம் வந்தது. திட்டியாவது எழுதினாயே, அதுவே எனக்கு நிம்மதி. துரைராசு என்ற பேர் அவனுக்குப் பொருத்தம். ஒன்றேகால் கிலோவுக்கும் குறைவாக இருந்தபோதே அவன் பண்ணாத அதிகாரம் இல்லை.

நடந்ததை உனக்கு யாரும் நேராகச் சொல்லவில்லை. எழுத்தில் எதுவும் கொடுக்காதே என்று மேலே இருப்பவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் எழுதுகிறேன், உனக்கு அது தெரிய வேண்டும். அன்று அவனுக்குக் கால்சியம் கலந்த மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அது நரம்பை விட்டு விலகித் தோலுக்கடியில் இறங்கினால் சதையை அரித்துவிடும். அதனால் ஊசி போட்ட இடத்தை மணிக்கொரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும், விரலால் தொட வேண்டும். உறை வந்த பிறகு நாங்கள் அதைக் கழற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டோம். முதலில் நாலு மணிக்கு மட்டும்தான் போட்டோம். பிறகு, அழகாகத்தானே இருக்கிறது என்று காலையிலிருந்தே போட ஆரம்பித்தோம். நீங்கள் யாரும் ஊசியைப் பார்த்து அழவில்லை என்பது எங்களுக்கும் வசதியாக இருந்தது.

அன்று இன்னொரு நர்ஸ் வராததால் அவள் பார்க்க வேண்டிய குழந்தைகளையும் மாலதியே சேர்த்துப் பார்த்தாள். அவளை அனுப்பிவிடலாம், கஷ்டமில்லை. அவளுக்குப் பதில் வருகிற பெண்ணுக்கும் இதே வார்டு, இதே பழக்கம்தானே? அதனால் அவளை அனுப்பவில்லை. உறைகளை எடுத்துவிட்டோம். ஊசி மேல் இப்போது கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்திரிதான் ஒட்டுகிறோம், கை திறந்தே கிடக்கிறது. நீ கேட்டதை நான் செய்யவில்லை என்று உனக்குக் கோபம் வரும், வரட்டும்.

உன் கடிதத்தில் ஊசியைப் பற்றி எழுதியதைவிட உறைத் துணியைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறாய். நீ தைத்ததால் வந்ததில்லை வானதி. தைத்துக் கொடுப்பது அம்மா செய்கிற காரியம். அதை அவிழ்த்துப் பார்ப்பது எங்கள் வேலை, நாங்கள் அதைச் செய்யவில்லை. இதை உன் மனதில் போட்டு உருட்டிக்கொண்டு இருக்காதே.

ஆக்சிஜனுக்கு வருகிறேன். "அப்படித்தாம்மா" என்று போனது தப்பு, நின்று சொல்லியிருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆக்சிஜன் கொடுக்காவிட்டால் பிழைக்காது. அதிகமாகக் கொடுத்தால் கண்ணுக்குள்ளே ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துவிடும். வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து ஆக்சிஜன் போகும்போது தொட்டில் பக்கத்துத் திரையில் தொண்ணூறுக்கு மேலே, தொண்ணூற்றைந்துக்குள்ளே நிற்க வேண்டும். நூறு வந்தால் நாங்கள் பயப்படுவோம், உன் வீட்டுக்காரர் கை தட்டுவார்!

நாங்கள் ஜாக்கிரதையாகக் குறைத்தும் சில பிள்ளைகளுக்குக் கண்ணில் இது வருகிறது. வந்தால் வெளியே தெரியாது. கண் பளபளவென்று இருக்கும், வலிக்காது, அழாது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தால்தான் தெரியும். நேரத்தோடு பார்த்தால் லேசர் வைத்து நிறுத்திவிடலாம். விட்டுவிட்டால் பார்வை போய்விடும், பிறகு எந்த ஊர் டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்கனவே நாள் தாண்டிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரி வேண்டாம். இங்கேயே தனியாகக் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். அங்கே போ. திருச்சிக்குப் போனாலும் சரி.

அன்புடன்,
ஆனந்தம்


திருவையாறு அருகில்
25.10.2024

சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய அண்ணன், கோவிந்தராசு மாமா, கையிலிருந்து வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும், "அவங்களே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. இது ஒண்ணு போதும்மா" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டு போகப் போகிறார். நீங்கள் ரொம்ப நல்லவரா, இல்லை விவரம் தெரியாதவரா என்று எனக்குப் புரியவில்லை. கேஸ் போட்டால் உங்கள் வேலை என்னவாகும்? நான் மாமாவைத் தடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் இவ்வளவு தன்மையாக எழுதினீர்களா? இப்படிக் கேட்பது தப்பென்றால் மன்னியுங்கள், கேட்காமல் இருக்க முடியவில்லை.

கண் விஷயம் வீட்டில் எடுபடவில்லை. விளக்கைப் பார்த்துச் சிரிக்கிறானே, இந்தக் கண்ணுக்கா குறை என்கிறார்கள். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பட்டது போதும் என்கிறார்கள். மழை வேறு விடாமல் பெய்கிறது. சம்பா நட்ட வயலெல்லாம் தண்ணீர் நிற்கிறது, ஆண்கள் எல்லாரும் வடிய வைக்கப் போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை பச்சைப்பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாது, புதன் போனால் தீபாவளி. தீபாவளி கழியட்டும் என்று முடிவாகிவிட்டது.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. யாரிடம் சொல்வது?

வானதி


தஞ்சாவூர்
27.10.2024, ஞாயிறு

அன்புள்ள வானதிக்கு,

தபாலில் போட்டால் நாளாகும் என்று தங்கமணியிடம் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் வார்டு ஆயா, உனக்குத் தெரியுமே, உங்கள் ஊர் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போகிறாள்.

கோவிந்தராசு மாமாவைத் தடுக்காதே. கடிதத்தைக் கொடுக்கட்டும். அது என் கையெழுத்துதான், யார் கேட்டாலும் ஆமாம் என்பேன். போதாது என்று வக்கீல் சொன்னால் இன்னும் விவரமாக எழுதித் தருகிறேன். என் வேலை என்னவாகும் என்று எனக்கும் பயம் இருக்கிறது. அது என் பாடு, நீ அதை நினைத்துக் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்காதே.

கேஸ் தீபாவளிக்குப் பிறகும் போடலாம், பொங்கலுக்குப் பிறகும் போடலாம். கண்ணுக்கு இந்த வாரம்தான் இருக்கிறது. செவ்வாய் ஆகாதென்றால் திங்களே போ. நாளைக் காலை, கண் ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருக்கிறேன். தங்கமணி வாசலில் நிற்பாள், நான் வரமாட்டேன். யாரும் வராவிட்டால் நீ மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறு. இந்தக் கடிதத்தையும் மாமாவிடமே காட்டு. உன் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள்.

ஆனந்தம்


தஞ்சாவூர்
11.11.2024

ஆனந்தம் சிஸ்டருக்கு வணக்கம்.

கண் ஆஸ்பத்திரியிலிருந்துதான் எழுதுகிறேன், இன்று மறு பரிசோதனை.

உங்கள் கடிதத்தை மாமாவிடம் காட்டினேன். படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விடிந்ததும் எங்கள் ஊரில் வாடகைக் கார் ஓட்டும் அஸாரைக் காரை எடுத்துவரச் சொன்னார். வரும் வழியெல்லாம், "கேஸு போடுன்னு அவங்களே சொல்றாங்க, என்ன பொம்பள இது" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். டாக்டர் விளக்கு வைத்துப் பார்க்கும்போது நான் வெளியே ஓடிவிட்டேன், மாமாதான் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கண்ணிலும் வந்திருந்தது. இடது கண்ணில் ரொம்ப முற்றியிருந்தது. தீபாவளி கழித்து வந்திருந்தால் அந்தக் கண்ணைப் பற்றித் தன்னிடம் கேட்க வேண்டியே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

செவ்வாய்க்கிழமைதான் லேசர் வைத்தார்கள். வீட்டில் ஒருத்தரும் கிழமையைப் பற்றி வாய் திறக்கவில்லை. தீபாவளி இங்கேயே வராண்டாவில் போனது. பக்கத்துக் கட்டில் அம்மா ஒருவர் அதிரசம் கொடுத்தார்.

வலது கண் தப்பிவிட்டது. இடது கண்ணும் நின்றுவிட்டது, பின்னால் கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்கிறார்கள். போட்டுக்கொள்ளட்டும். நேற்று நான் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனேன், அவன் தலையைத் திருப்பி என் பின்னாலேயே பார்த்தான். எனக்கு அழுகை நிற்கவில்லை சிஸ்டர். அவர் வீடியோவில் வந்தபோது கையையும் காட்டினேன், வீங்கிய கண்ணையும் காட்டினேன். அழுதார். அழட்டும் என்று போனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதங்கள் இன்னும் மாமாவின் பையில்தான் இருக்கின்றன. என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. நான் தடுக்கவில்லை, தூண்டவும் இல்லை. உங்கள் மேல் இருக்கும் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். குளிப்பாட்டும்போது அந்தக் கையைப் பார்த்தால் மறுபடி வந்துவிடுகிறது. கண்ணைப் பார்த்தால் உங்களை நினைத்துக்கொள்கிறேன். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

வானதி


தஞ்சாவூர்
24.11.2024

அன்புள்ள வானதிக்கு,

அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான் என்று எழுதியிருந்ததை மாலதிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழுதோம். கோபம் இருக்கட்டும், அதை நீ என்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

கோவிந்தராசு மாமா வக்கீலோடு வந்தார். விசாரணை நடக்கிறது. நான் எழுதியதை எல்லாம் ஒப்புக்கொண்டேன். அது முடியும்வரை பொறுப்பு சிஸ்டர் பதவி எனக்கில்லை, சாதாரண நர்ஸாக வார்டில் இருக்கிறேன். முதல் நாள் சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது சங்கடமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இப்போது பிள்ளைகள் பக்கத்தில் நிற்க நிறைய நேரம் கிடைக்கிறது. மாமா போகும்போது என்னிடம் தனியாக வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, இது ஆஸ்பத்திரி மேலதான்" என்றார். நான் ஒன்றும் நினைக்கவில்லை என்று அவரிடம் சொல்.

வார்டில் ஒரு மாற்றம். அம்மாக்களை நாலு மணிக்குக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவதில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து பக்கத்திலேயே உட்காரலாம். ஊசி போட்ட கை எப்படி இருக்க வேண்டும், எப்படி இருந்தால் கத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். போன வாரம் முத்துப்பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "சிஸ்டர், காலு பளபளன்னு வீங்குது!" என்று போட்டாளே ஒரு சத்தம். மாலதி ஓடிப்போய் ஊசியை எடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாக்கள் ஊசியைப் பார்த்து அழத்தான் செய்கிறார்கள். நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம்.

மறு பரிசோதனைகளை விட்டுவிடாதே. நீ பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

அன்புடன்,
ஆனந்தம்


திருவையாறு அருகில்
21.1.2025

ஆனந்தம் சிஸ்டருக்கு,

அவசரமாக எழுதுகிறேன், கார் வாசலில் நிற்கிறது. இதைக் கொண்டு வருகிறவர் சூர்யபிரகாஷ், என் நாத்தனார் குந்தவையின் கணவர். குந்தவைக்கு நாள் இன்னும் எவ்வளவோ இருக்கிறது, இன்று காலையிலேயே வலி எடுத்துவிட்டது. பிள்ளையைக் குறைமாத வார்டில்தான் வைக்க வேண்டியிருக்கும், உடனே தஞ்சாவூருக்குக் கூட்டிப் போங்கள் என்று இங்கே டாக்டர் சொல்லிவிட்டார்.

எந்த ஆஸ்பத்திரிக்கு என்று கேள்வி வந்தபோது வீடே என் முகத்தைப் பார்த்தது. திருச்சிக்குப் போய்விடலாம் என்று ஒருவர் சொன்னார். கேஸ் நடக்கிற இடத்துக்கு எப்படிப் போவது என்று இன்னொருவர். குந்தவை கோவிந்தராசு மாமாவுக்குக் கூடப் பிறந்த தங்கை, மாமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் துரைராசுவைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆனந்தம் சிஸ்டர் வார்டுக்குப் போங்க" என்றேன்.

குந்தவை கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள், சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். அவளைப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார வையுங்கள். காரில் ஏற்றிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறாள்.

வானதி